தொடங்கி வைக்காத வண்டி

வண்டி வாங்கியது வைகாசியில். ஆனி முழுக்க ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று பேசினார்கள். ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அதுவரை வண்டி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஏறக்குறைய நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அந்த வண்டியை வாங்கின. கெடிலம் சேவா சங்கம், நல்வழி சமூகப் பணி மையம், வெள்ளாறு பொறியியல் கல்லூரி. மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு அகதிகள் நல ஒருங்கிணைப்புக் குழு என்று பெயர். நான் அதன் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளர் என்றால் நாற்காலி போடுகிறவன், போட்டோவுக்கு ஆள் சேர்க்கிறவன். அதற்கு சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது.

என் மனைவி இறந்ததால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பவானிக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துவிட்டாள். வீட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. கெடிலம் சேவா சங்கத்தின் இலவச சேவை. கண்ணாடி மூடியில், அவள் முகத்துக்கு நேர்மேலே, சங்கத்தின் சின்னத்தையும் தலைவர் தில்லைநாதனின் கைப்பேசி எண்ணையும் ஒட்டியிருந்தார்கள். வந்தவர்கள் தலையைச் சாய்த்து, அந்த எண்ணுக்குப் பக்கவாட்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெட்டியைத் திரும்ப எடுக்க ஆள் வந்தபோது தில்லைநாதனும் வந்தார். என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார்.

"வீட்லயே உக்காந்துகிட்டு இருந்தா மனசு கெட்டுடும் தம்பி. நம்மகிட்ட வந்துடு."

போனேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. அதைத் தேடக்கூடத் தோன்றவில்லை.

தில்லைநாதன் இரும்பும் பெயின்ட்டும் விற்பவர். கல்லூரியின் செயலாளர் கார்த்திகேசன் அவருக்கு மனைவியின் தம்பி. நல்வழி மையத்தின் இயக்குநர் சார்லஸ் இருவருக்கும் பொதுவான நண்பர். ஊருக்குள் மூன்று நிறுவனங்கள் கைகோத்தன என்று பத்திரிகையில் வந்தது. கைகோத்தவை ஒரு குடும்பமும் அதன் நண்பரும்தான்.

ஸ்டிக்கர் விஷயம் சாதாரணமானதல்ல. வேனுக்கு இரண்டு பக்கம், ஒரு பின்கதவு. முன்கண்ணாடியில் யாரும் முழுதாக ஒட்ட முடியாது, ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிய வேண்டும். இதைக்கூட ஒரு கூட்டத்தில் பேசித்தான் ஒப்புக்கொண்டார்கள்.

"டிரைவர் பக்கம் ரோட்டப் பாத்து இருக்கும். அதான் எல்லாருக்கும் தெரியும். அது சங்கத்துக்கு" என்றார் தில்லைநாதன்.

"அப்ப நாங்க வேலியப் பாத்துகிட்டு போறதா மாமா?" என்றார் கார்த்திகேசன்.

"நீ பின்கதவ எடுத்துக்க. பின்னாடி வர்றவன் பூரா உன்னத்தான படிச்சிகிட்டு வரணும்?"

"கதவத் தெறந்தா பேரு ரெண்டாப் பொளந்துடும்."

சார்லஸ் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லாச் சின்னங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒட்டிய அன்று பையிலிருந்து ஸ்கேல் எடுத்து அளந்து பார்த்தார்.

ஓட்டுவது யார், டீசல் யார் போடுவது என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். நல்ல விஷயம் பேசும்போது இதையெல்லாம் கொண்டுவரக் கூடாது என்பது போல என்னைப் பார்த்தார்கள்.

நான் கேட்டதற்குக் காரணம் அமராவதி. முகாமில் இருப்பவர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். மன்னாரிலிருந்து சிறுமியாகப் படகில் வந்தவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காப்பீட்டில் சிகிச்சை இலவசம். போய்ச்சேருவதுதான் இலவசமில்லை. முகாமிலிருந்து நெடுஞ்சாலைக்கு நடக்க வேண்டும். சிதம்பரம் பஸ் நின்றால் ஏற வேண்டும். நிற்காவிட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். ரத்தம் சுத்தம் செய்து முடித்த உடம்போடு அதே வழியில் திரும்ப வேண்டும். கூட அவர் மகள் வெண்மதி போவாள். முகாமில் பிறந்தவள், நர்சிங் படிக்க இடம் கிடைக்காமல் துணிக்கடையில் நிற்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் லீவு கேட்பதால் எந்தக் கடையிலும் நிலைக்கவில்லை.

விழாவுக்கு முந்தைய செவ்வாய் அமராவதியால் ரோடு வரை நடக்க முடியவில்லை. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். சிகிச்சை தவறியது. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வெண்மதி போன் செய்தாள். நான் தில்லைநாதன் கடைக்குப் போனேன்.

"நாளைக்கு ஒரு நாள் வண்டிய எடுத்துக்கறேன். எனக்கு லைசென்ஸ் இருக்கு. ஆஸ்பத்திரில பேசி நடுவுல ஒரு நேரம் வாங்கிடலாம்."

"தொடங்கி வைக்காத வண்டிய எப்புடிப்பா எடுக்கறது?"

"ஷெட்லேந்து திருவந்திபுரத்துக்குப் பூஜைக்குப் போயிட்டு வந்துச்சே."

"அது பூஜை."

"அங்கேருந்து சர்ச்சுக்கும் போச்சு, ஜெபத்துக்கு."

"சிலம்பு, நீ படிச்சவன். சென்னையிலேந்து இளவரசு சார் வர்றாரு, கொடி அசைக்க. அதுக்கு முன்னாடி வண்டில நோயாளிய ஏத்தினா எப்புடி இருக்கும்? வெள்ளிக்கெழம அந்தம்மாவத்தான் மொத பயனாளியா உக்கார வைக்கப் போறோம். மாலை, சால்வை எல்லாம் உண்டு. சந்தோஷமாச் சொல்லு போ."

இளவரசு கடலூரில் பிறந்து சென்னையில் அடுக்குமாடி கட்டுகிறவர். வண்டிக்குப் பெரிய பங்கு அவருடையது. அவர் இடம் கேட்காததால் அவருக்கு மட்டும் ஸ்டிக்கர் இல்லை. அதற்காக அவரைப் பெருந்தன்மையானவர் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் பேசினேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மெஷின் தருகிறோம், அதற்கு மேல் அடுத்த ஆளுக்குப் போய்விடும், நிலைமை சரியில்லை, கட்டாயம் கூட்டிவாருங்கள் என்றார்கள். தில்லைநாதனிடம் சொன்னேன். விழா ஒன்பதரைக்கு, பத்து மணிக்குக் கொடி, அந்தக் கொடியோடு நேராகச் சிதம்பரம் போய்விடலாம் என்றார். நன்றாகத்தான் இருந்தது.

விழாவைக் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முகாமில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். ஆகவே தெற்கே சிதம்பரத்துக்குப் போக வேண்டியவரை வடக்கே கடலூருக்குக் கொண்டுவந்தார்கள். நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்று கல்லூரி பஸ் போய் முகாமிலிருந்து நாற்பது பேரை ஏற்றிவந்தது. அதில் அமராவதியும் வெண்மதியும் வந்தார்கள். இறங்கும்போதே அமராவதியின் முகம் உப்பியிருந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலுக்கு மூச்சு சேர்த்தார்.

வண்டி மண்டப வாசலில் நின்றது. இரண்டு வாழைமரம், குறுக்கே சிவப்பு ரிப்பன், நான்கு டயருக்குக் கீழும் எலுமிச்சம்பழம். சாவி உள்ளே மேடையில் இருந்தது, வெள்ளித்தட்டில், சந்தனம் குங்குமத்துக்குப் பக்கத்தில். சிறப்பு விருந்தினர் அதை எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

அமராவதிக்கு மாலை போட்டு வண்டியில் உட்கார வைத்தார்கள். போட்டோகிராபர் கையை ஆட்டச் சொன்னான். அவர் இடது கையை ஆட்டினார்.

"வலது கைய ஆட்டுங்கம்மா. எடது நல்லா இருக்காது."

"அந்தக் கையில்தான் தம்பி ஊசி போடுறது. ஏலாது."

"சும்மா ஒரு தடவ."

வெண்மதி அவனிடம், "உங்க கைய வேணா ஆட்டி எடுத்துக்குங்க. எங்கம்மா கை மாதிரிதான் இருக்கும், கருப்பா" என்றாள். அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டான்.

பத்து மணிக்கு இளவரசு பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. மாணவிகள் வரவேற்பு நடனத்தை இன்னொரு தடவை ஆடினார்கள். சார்லஸ் மைக்கில் ஏதிலியின் கண்ணீர் பற்றிப் பேசினார். பத்து வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஏதிலிகள் சீக்கிரம் டீ வருமா என்று பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்தரை நெருங்கியபோது கார்த்திகேசன் வாட்சைத் தட்டினார்.

"மாமா, வெள்ளிக்கெழம. பத்தரைலேந்து பன்னெண்டு ராகுகாலம்."

தில்லைநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். முகூர்த்தம் பார்த்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பத்து மணிக்குக் கொடி என்று போட்டதே அதற்குள் முடிப்பதற்காகத்தான். இனி இளவரசு வந்தாலும் பன்னிரண்டுக்கு மேல்தான்.

"சார்லஸ் சார், நீங்க என்னா சொல்றீங்க?"

"எனக்கு ராகுவும் கெடையாது, கேதுவும் கெடையாது. ஆனா மத்தவுங்க நம்பிக்கைய நாம மதிக்கணும். வெயிட் பண்ணலாம்" என்றார் சார்லஸ். அவர் மதிக்காத எதையும் நான் பார்த்ததில்லை.

வெண்மதி படியேறி வந்தாள்.

"சார், எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குது. எப்ப கெளம்பறோம்?"

"ஏசி போடச் சொல்லும்மா" என்றார் தில்லைநாதன்.

"சாவி இங்க இருக்கு சார். ஏசி எப்புடிப் போடறது?"

தில்லைநாதன் என்னைத் தனியே இழுத்துப்போனார். "இது சரிப்படாது சிலம்பு. அந்தம்மாவப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. இளவரசு சார் முன்னாடி மயங்கி கியங்கி விழுந்தா அசிங்கமாயிடும். ஒண்ணு பண்ணு. அவுங்க ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி அனுப்பிடு."

"பஸ்லயா?"

"டவுன் பஸ்ஸா சொல்றேன்? சிதம்பரம் பஸ்ஸு. சீட்டு புடிச்சிக் குடு. பயனாளிக்கு வேற யாரையாவது உக்கார வைக்கலாம். அந்தக் கூட்டத்துல வயசானதா ஒரு பொம்பளையப் பாரு. மாலை கைலதான இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்திருக்கும். நோயாளிக்கு வாங்கிய வண்டி நிற்க, நோயாளியைப் பஸ்ஸில் அனுப்பலாம் என்பது அவருக்கு உண்மையிலேயே நல்ல யோசனையாகத் தெரிந்தது. இரண்டு காரியமும் நடந்துவிடுகிறதே.

நான் மேடைக்குப் போனேன். தட்டிலிருந்து சாவியை எடுத்தேன். விரலில் சந்தனம் ஒட்டியது. ஒருங்கிணைப்பாளர் சாவியை எடுக்கிறான் என்றால் ஏதோ ஏற்பாடு இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடனப் பெண்களில் ஒருத்தி கைகூடத் தட்டினாள். கோபத்தில் எடுத்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்து நாளாகிறது. மணி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

வண்டியை எடுத்தபோது நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின. ரிப்பன் அறுந்து வைப்பரில் மாட்டிக்கொண்டது. கார்த்திகேசன் "டேய், ராகுகாலம்டா" என்று கத்தியது கேட்டது. மண்டபத்து மேளக்காரர்கள் அதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி நகர்ந்தால் வாசிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

ஊரைத் தாண்டினோம். சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் வழக்கமான ரசாயன நாற்றம் வந்தது. வெண்மதி கண்ணாடியை ஏற்றினாள். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"சார் ஓட்டிகிட்டு இருக்காரு... நான் பயனாளி பொண்ணு பேசறேன்... இல்ல சார், கடத்தல்லாம் இல்ல சார், எங்கள எவன் சார் கடத்துவான்?... வண்டி நல்லா ஓடுது சார். நன்றி சார்." வைத்துவிட்டு, "போலீசுக்குப் போவாங்களாம்" என்றாள்.

"போகட்டும்."

"வேல போயிடுமா சார் உங்களுக்கு?"

"போவும்."

"ஒரு துணிக்கடைல ஆள் கேக்கறாங்க. ஆம்பளையாத்தான் வேணுமாம்."

அமராவதி கண்ணை மூடியபடியே சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. மாலையை இன்னும் கழற்றவில்லை. வெண்மதி கழற்றி ஜன்னல் வழியே போடப்போனாள்.

"எறியாதை பிள்ளை. நல்ல பூ" என்றார்.

சிறிது தூரம் போனதும் கேட்டார். "தம்பி, ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறியள்? அவையள் நல்ல சனம்தானே."

"நல்ல ஜனம் இல்லம்மா."

"எண்டாலும் வண்டி நல்ல வண்டி. குலுக்கேல்லை."

பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச்சேர்ந்தோம். நர்ஸ் அவர் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி அப்படியே நின்றது. சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினார். கதவு மூடுவதற்கு முன் "இன்னிக்கும் விட்டிருந்தா தூக்கிகிட்டுதான் வந்திருக்கணும்" என்றார். எங்களைத் திட்டுகிறாரா, சும்மா சொல்கிறாரா என்று தெரியவில்லை.

நான்கு மணிநேரம் ஆகும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சு எனக்குப் பழக்கம். எல்லா ஊரிலும் ஒரே நீலம். வெண்மதி டீ வாங்கிவந்தாள். முகாமிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பெண் மண்டபத்திலிருந்து அவளுக்குப் போனில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். வெண்மதி எனக்கு ஒலிபரப்பினாள்.

"இளவரசு வந்துட்டாராம். பன்னெண்டு ஆயிடுச்சாம். கொடி அசைக்க வண்டி இல்லையாம். காலேஜ் பஸ்ஸுக்கு அசைக்கலாமான்னு பேசறாங்களாம்... வேணாம்னுட்டாங்களாம், பஸ்ல காலேஜ் பேரு மட்டும்தான் இருக்காம்... சாம்பார் சாதம் போடறாங்களாம். உருளைக்கெழங்கு தீந்து போச்சாம்."

மூன்று மணிக்குத் தில்லைநாதன் திரும்பவும் கூப்பிட்டார். நானே எடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். குரல் தேன் மாதிரி இருந்தது.

"சிலம்பு, நடந்தது நடந்துபோச்சு. இளவரசு சார் பெரிய மனுஷன். சிரிச்சிட்டாரு. சாயங்காலம் அவரு சிதம்பரம் தரிசனத்துக்கு வர்றாராம். கீழவீதில வண்டிய நிறுத்து. அங்கயே கொடி அசைச்சிடலாம். அஞ்சு மணி. ராகுகாலம் எமகண்டம் ஒண்ணும் கெடையாது, பாத்துட்டேன். அந்தம்மா கண்டிப்பா இருக்கணும். பேனர் நாங்க கொண்டாறோம்."

"அவுங்களால முடியாது. டயாலிசிஸ் முடிஞ்சி வீட்டுக்குப் போவணும்."

"அப்ப சாவியக் குடுத்துட்டுப் போயிடு. செவ்வாய்க்கெழம அவுங்க பஸ்லயே வரட்டும். எனக்கென்ன?"

தேன் அவ்வளவுதான். போனை வைத்தேன். இதை அமராவதியிடம் சொல்ல வேண்டாம் என்று வெண்மதியிடம் சொன்னேன். அவர் வெளியே வந்ததும் அவள் முதலில் அதைத்தான் சொன்னாள்.

அமராவதியின் முகத்தில் வீக்கம் குறைந்திருந்தது. நிறம் சாம்பலாக இருந்தது. கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. சுவரைப் பிடித்தபடி யோசித்தார்.

"கீழவீதி தூரமோ?"

"பக்கம்தான். ஆனா நீங்க போக வேணாம். இவுங்களுக்காக நீங்க வேஷம் கட்ட வேணாம்" என்றேன்.

"நீங்கள் கோவிக்கலாம் தம்பி. எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் வரும்."

வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

கீழவீதியில் கோபுரத்துக்கு எதிரே மொத்தக் குழுவும் நின்றது. இரண்டு மாணவர்கள் பேனரைப் பிடித்திருந்தார்கள். கைமைக்கும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் வந்திருந்தன. ரிப்பனுக்கு, பூக்காரியிடம் வாங்கிய கதம்பச்சரம். வண்டியை நிறுத்திய இடம் ஆட்டோ ஸ்டாண்டு. ஆட்டோக்காரர்கள் முதலில் கத்தினார்கள். பிறகு கொடியைப் பார்த்ததும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

இளவரசு பட்டுவேட்டி கட்டியிருந்தார். அமராவதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அம்மா, யாழ்ப்பாணமா?"

"மன்னார்."

"யாழ்ப்பாணத்துக்கு நான் ரெண்டு தடவ போயிருக்கேன்மா. அருமையான ஊரு."

"ஓம்" என்றார் அமராவதி. அவர் போனதில்லை.

மைக்கை வாங்கி இளவரசு பேசினார். தொப்புள்கொடி என்றார். ரத்தம் என்றார். முகாமில் இருக்கும் அத்தனை பேருக்கும் இந்த வண்டி இரவு பகல் பாராமல் ஓடும் என்றார். ஒரு மாணவன் அதைப் போனில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தான். பிறகு கொடியைக் கையில் எடுத்து, "ஏறுங்கம்மா" என்றார்.

அமராவதி வண்டியின் படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலைத் தூக்கவில்லை. மூச்சு வாங்குகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஐயா, செவ்வாய்க்கிழமை இந்த வண்டி வருமோ?"

"வராமலா? உங்களுக்குத்தானேம்மா வாங்கினது."

"டீசல் ஆர் அடிக்கிறது?"

இளவரசு தில்லைநாதனைப் பார்த்தார். தில்லைநாதன் கார்த்திகேசனைப் பார்த்தார். கார்த்திகேசன் சார்லஸைப் பார்த்தார். சார்லஸ் கோபுரத்தைப் பார்த்தார். அவருக்கு வேறு வழியில்லை, அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை.

"அது கமிட்டில பேசிகிட்டு இருக்கோம்" என்றார் தில்லைநாதன்.

அமராவதிக்கு அடம்பிடிக்கிறவர் முகமே இல்லை. களைத்துப்போய் நிற்கிற ஒரு பெண்மணி, ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். ஆட்டோக்காரர் ஒருவர் "டீசல் இல்லாமயா வண்டி வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மாணவன் போனை அவர் பக்கம் திருப்பினான். கார்த்திகேசன் ஓடிப்போய் அவன் கையைத் தட்டினார்.

"நான் அடிக்கிறேன்மா" என்றார் இளவரசு, மைக்கில். "ஒரு வருஷத்துக்கு டீசல் நம்ம கம்பெனி." கைதட்டல். கைதட்டல் முடியும்வரை அமராவதி காத்திருந்தார்.

"ஓட்டுறது?"

தில்லைநாதனின் கை என் தோள்மேல் விழுந்தது. காலையில் போலீசுக்குப் போக இருந்த கை. "நம்ம சிலம்பு இருக்காரே! எம்.ஏ. படிச்சவரு. சேவை மனப்பான்மையோட அவரே ஓட்டறேன்னு முன்வந்திருக்காரு." மைக்கில் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். வேலையிலிருந்து என்னை நீக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் அவர் கண்டுபிடித்த வழி அது. அவரை நான் மதித்த ஒரே தருணமும் அதுதான்.

அமராவதி ஏறி உட்கார்ந்தார். இடது கையை ஆட்டினார். இளவரசு கொடியை அசைத்தார். வண்டி பத்தடி போய் நிற்க வேண்டும், போட்டோகிராபர் சொன்னால் பின்னால் வந்து இன்னொரு தடவை போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. கதம்பச்சரம் அறுந்து விழுந்தது. தெற்கு வீதியில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தரிசனத்துக்கு நேரமாகியிருக்கும்.

அமராவதி அதற்குள் தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. வெண்மதி அவர் தலையைத் தன் தோளுக்கு நகர்த்தினாள்.

"நீங்க சரின்னே சொல்லல சார்" என்றாள்.

"எதுக்கு?"

"டிரைவரா இருக்கறதுக்கு."

"யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன். வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். பவானி போன பிறகு நான் யாருக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கவில்லை. அது மனதுக்குள் பெரிதாக எதையும் செய்யவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தில்லைநாதன் கடைக்குக் கூப்பிட்டு விதிமுறை சொன்னார். வண்டி பதிவான பயனாளிக்கு மட்டும். இப்போதைக்குப் பதிவானவர் ஒருவர். மற்றவர்கள் குழுவுக்கு மனு கொடுக்க வேண்டும், குழு கூடிப் பரிசீலிக்கும். போகும்போதும் வரும்போதும் போட்டோ அனுப்ப வேண்டும். சரி என்றேன். அவர் சொல்வதற்கெல்லாம் சரி என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை.

செவ்வாய் காலை முகாமுக்குப் போனேன். அமராவதி முதல் வரிசை வீட்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. காலில் கட்டுப்போட்ட ஒருவர். கண்ணுக்குப் பச்சைத்துணி மறைப்பு கட்டிய ஒரு கிழவர். காய்ச்சல் குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு தாய். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள்.

இறங்கி அமராவதியிடம் போனேன். "அம்மா, உங்களுக்கு மட்டும்தான் வண்டின்னு சொல்லியிருக்காங்க. மத்தவுங்க மனு குடுக்கணுமாம்."

"அது ஆர் சொன்னது?"

"குழு."

"அண்டைக்கு அந்தப் பெரிய ஐயா மைக்கிலை என்ன சொன்னவர்? முகாமிலை இருக்கிற எல்லாருக்கும் எண்டுதானே? நான் பக்கத்திலைதானே நிண்டனான்."

சொன்னார்தான். தொப்புள்கொடி, ரத்தம் என்று அன்றைக்குப் பேசியதில் எதற்கும் அர்த்தமில்லை என்று நான் காதை மூடிக்கொண்டிருந்தேன். இவர் அத்தனையையும் கேட்டு, உபயோகப்படும் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவந்து முகாம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

பின்கதவைத் திறந்தேன். கல்லூரியின் பெயர் இரண்டாகப் பிளந்தது. கர்ப்பிணியை முதலில் ஏறச் சொன்னேன். சட்டைப்பையில் போன் அடித்தது. போட்டோ கேட்பார்கள்.

"தள்ளி இருங்கோ" என்று அமராவதி உள்ளே இருந்தவர்களிடம் சொன்னார். "கட்டுப்போட்டவர் காலை நீட்ட வேணும்."